சிறைவாசியின் காயம்: குற்றமா, நோயின் குறிப்பா?

(அடுகோடியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

பெங்களூர் அடுகோடியை ஒட்டிச் செல்லும் ஓசூர் சாலை இரண்டு நிறுவனங்களை இணைக்கிறது. ஒன்று, மனநோய் மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிலையமும் 1974ஆம் ஆண்டில் ஒன்றாக இணைக்கப்பட்டு உருவான தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம். மக்கள் அதனை நிம்ஹான்ஸ் என்றே அழைக்கின்றனர். மற்றொன்று, அதே சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் வரும் பரப்பன அக்ரகாரத்தின் மத்தியச் சிறை. நகரின் நடுவே சேஷாத்ரி சாலையில் இருந்த பழைய சிறைக்கு மாற்றாக அது அமைக்கப்பட்டது. பழைய வளாகம் இன்று சுதந்திரப் பூங்காவாக விளங்குகிறது.

மருத்துவமனைக்கும் சிறைக்கும் இடையே உள்ள சாலை நீளமானதன்று. ஆயினும் சிறைக்குள் தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவன் அந்தத் தொலைவைக் கடப்பது எளிதாக இருந்ததில்லை. அவனுடைய காயத்தைக் காண்போர் பலர். காவலர் ஒழுங்கு மீறலைக் காண்கிறார். கண்காணிப்பாளர் மேலிடத்துக்கு எழுத வேண்டிய விளக்கத்தைக் காண்கிறார். உடனிருக்கும் கைதிகள் ஒரு தந்திரத்தைக் காண்கின்றனர். காயத்திற்குப் பின்னால் உள்ள மனிதனைக் காணும் பொறுப்பு யாருக்கு உரியது? இக்கேள்விக்குச் சட்டம், மருத்துவம், நிருவாகம் ஆகிய மூன்றும் தரும் விடைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

ஒரே சட்டத்தின் இரு முகங்கள்

இந்தியச் சிறை நிருவாகத்தின் அடித்தளம் 1894ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் சட்டம். கர்நாடகம் 1963இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. எனினும், நாட்டின் சிறை நடைமுறைகளுக்கு வடிவம் தந்தது அந்தப் பழைய சட்டமே. எனவே அதிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு சிறைக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. வேலை செய்ய இயலாதபடி வேண்டுமென்றே தன்னை முடக்கிக்கொள்வது அவற்றுள் ஒன்று; நோயுற்றதாக நடிப்பது மற்றொன்று. கைதியின் உழைப்பு அரசின் உடைமையாகக் கருதப்பட்ட காலம் அது. ஆகவே கையை வெட்டிக்கொண்ட கைதி அரசுக்கு இழப்பை உண்டாக்கியவனாகவே தென்பட்டான். அவனுடைய வேதனை அந்தப் பிரிவின் கண்ணில் படவில்லை.

ஆனால் அதே சட்டத்தின் வேறு பிரிவுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. சிறையில் சேர்க்கப்படும் குற்றக் கைதி ஒவ்வொருவரையும் கூடிய விரைவில் மருத்துவ அலுவலரின் ஆணைப்படி சோதிக்க வேண்டும். உடல்நிலையையும் உடம்பில் உள்ள காயங்கள், தழும்புகள் ஆகியவற்றையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. சிறையின் ஒழுங்குமுறையாலோ நடத்தப்படும் விதத்தாலோ ஒரு கைதியின் மனம் பாதிக்கப்படுகிறது, அல்லது பாதிக்கப்படக்கூடும் என்று மருத்துவ அலுவலர் கருதினால் அதனை எழுத்து மூலம் கண்காணிப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 14ஆம் பிரிவு. தனியறையில் 24 மணி நேரத்துக்கு மேல் அடைக்கப்பட்டவரை மருத்துவ அலுவலரோ அவருடைய உதவியாளரோ நாள்தோறும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது 29ஆம் பிரிவு.

ஆக, தண்டிக்கச் சொல்லும் பிரிவும் கவனிக்கச் சொல்லும் பிரிவும் ஒரே சட்டத்திலேயே உள்ளன. நடைமுறையில் எந்தப் பிரிவு முதலில் நினைவுக்கு வருகிறது என்பதே வேறுபாடு. தண்டனைப் பதிவேடு முதலில் திறக்கப்பட்டால் காயம் குற்றமாகிறது. மருத்துவப் பதிவேடு முதலில் திறக்கப்பட்டால் அதுவே நோயின் குறிப்பாகிறது.

பெங்களூர் ஆய்வு காட்டியது

சிறைவாசிகளின் மனநிலை பற்றி இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட பெரிய ஆய்வுகளுள் ஒன்று பரப்பன அக்ரகாரச் சிறையிலேயே நடைபெற்றது. நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சுரேஷ் படா மத், பிரதிமா மூர்த்தி உள்ளிட்ட வல்லுநர்கள் நடத்திய அந்த ஆய்வின் அறிக்கை 2011இல் வெளியாயிற்று. 5,024 சிறைவாசிகள் ஆராயப்பட்டனர். அவர்களுள் 4,002 பேரிடம், அதாவது ஏறத்தாழ ஐவருக்கு நால்வரிடம், மனநோயோ போதைப் பொருள் பழக்கமோ காணப்பட்டது. போதைப் பழக்கத்தை மட்டும் கொண்டவர்களை நீக்கிய பிறகும் 1,389 பேருக்கு, அதாவது 27.6 சதவீதத்தினருக்கு, கண்டறியத்தக்க மனநலக் கோளாறு இருந்தது.

இந்த எண்களின் பொருளை எளிதாக விளக்கலாம். நூறு பேர் படுத்துறங்கும் ஒரு கொட்டடியில் இருபத்தேழு பேர் மருத்துவரின் கவனம் தேவைப்படுவோர். அவர்களுள் பெரும்பாலோர் சத்தமிடுவதில்லை. உறங்காமல் விழித்திருப்பவர், உணவைத் தொடாதவர், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர் ஆகியோரால் காவலருக்குத் தொல்லை ஏதுமில்லை. தொல்லை இல்லாத கைதி நல்ல கைதி என்று கருதப்படும் இடத்தில் ஆழ்ந்த மனச்சோர்வு நன்னடத்தையாகவே தோற்றமளிக்கும். காயம் ஏற்பட்ட பிறகுதான் அவர் இருப்பதே தெரியவருகிறது.

காயத்திற்கு முன்னால்

ஒருவர் ஏன் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்கிறார்? ஒரே காரணம் கிடையாது. தாங்க முடியாத மன இறுக்கம் அந்த நொடியில் சற்றுத் தளர்வதாகச் சிலர் உணர்கின்றனர். மரத்துப்போன மனத்திற்கு வலியாவது உயிருள்ள உணர்வைத் தருகிறது என்று சிலர் கருதுகின்றனர். குற்ற உணர்வினால் தமக்குத் தாமே தண்டனை விதித்துக்கொள்வோரும் உண்டு. பிற கைதிகளின் துன்புறுத்தலிலிருந்து வேறு இடத்திற்கு மாற்றப்பட வேண்டும் என்பதற்காகச் செய்வோரும் உண்டு. சிலர் சாகவே எண்ணுகின்றனர். பலருக்குத் தம் எண்ணம் என்னவென்று தமக்கே தெளிவாகத் தெரிவதில்லை.

காரணங்கள் பலவாயினும் காலம் பெரும்பாலும் முன்கூட்டியே அறியத்தக்கது. சிறைக்கு வந்த முதல் சில நாட்கள் மிகவும் ஆபத்தானவை. மது அல்லது போதைப் பொருளுக்குப் பழகிய உடல் அது கிடைக்காமல் தவிக்கும் நாட்களும் அவையே. பிணை மறுக்கப்பட்ட மாலை, வழிக்காவல் கிடைக்காமல் நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்படாத நாள், மீண்டும் ஒரு வாய்தா, தீர்ப்பு வெளியான இரவு, தனியறையில் அடைக்கப்பட்ட பொழுது ஆகியவை அடுத்தபடியாக வருவன. தமிழ்நாட்டுச் சிறைகளில் உறவினர் சந்திப்பை ‘மனு’ என்பர். மனு பார்க்க வருவதாகச் சொன்னவர் வராத நாள் சிறைவாசிக்கு எப்படிப்பட்டது என்பதை எந்தப் பதிவேடும் குறித்து வைப்பதில்லை. எந்த மனநல ஆய்வுக்கும் முன்னால் கொட்டடிக் காவலருக்கு அது தெரிந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, கட்டட வேலைக்கெனப் பெங்களூர் வந்த ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். சிறு திருட்டு வழக்கில் கைதாகிறான். பிணை கிடைக்கிறது, ஆனால் ஜாமீன் நிற்க நகரில் அவனுக்கு எவரும் இல்லை. கன்னடமும் தெரியாது. கைதான செய்தி ஊரில் உள்ள தாய்க்கு எட்டியதா என்பதும் அவனுக்குத் தெரியாது. மூன்றாம் வாரம் அவன் கையில் காயம் காணப்படுகிறது. அவனுக்கு மருந்தைவிட முதலில் தேவைப்படுவது வீட்டிற்கு ஒரு தொலைபேசி அழைப்பும் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரும் ஆகும். அவன் மொழியில் பேசக்கூடிய ஒருவரும் தேவை. சிறையின் மனநலப் பணி மருத்துவரின் அறையோடு முடிவதில்லை என்பதற்கு இத்தகைய நிலையே சான்று.

‘நடிப்பு’ என்னும் சொல்

சிறைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல் ‘நடிப்பு’. மருத்துவமனைக்குப் போகவோ, கொட்டடி மாறவோ, அலுவலரை மிரட்டவோ கைதி காயத்தை உண்டாக்கிக்கொள்கிறான் என்பது அதன் பொருள். இதில் உண்மையே இல்லை என்று கூறுவது அலுவலர்களின் அனுபவத்தைப் புறக்கணிப்பதாகும். சில வேளைகளில் ஒரு நோக்கம் இருக்கத்தான் செய்கிறது. குறைவான ஆட்களைக் கொண்டு நூற்றுக்கணக்கானவர்களைக் காக்கும் காவலருக்கு ஏற்படும் சலிப்பும் இயல்பே.

ஆனால் நோக்கம் இருப்பதால் ஆபத்து இல்லாமற்போவதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 2004 முதல் 2009 வரை நிகழ்ந்தவற்றை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகிறது. அந்த ஆறு ஆண்டுகளில் 26,510 சிறைவாசிகள் 1,39,195 முறை தம்மைக் காயப்படுத்திக்கொண்டனர். ஆண்டுதோறும் ஆண் கைதிகளில் 5 முதல் 6 சதவீதத்தினரும், பெண் கைதிகளில் 20 முதல் 24 சதவீதத்தினரும் இவ்வாறு செய்தனர். இவர்களுள் 109 பேர் பின்னர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டனர். அம்மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை காயப்படுத்திக்கொண்ட ஒரு மாதத்திற்குள் நிகழ்ந்தவை.

‘நடிப்பு’ என்று எழுதி மூடப்படும் கோப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை இக்கடைசிச் செய்தி உணர்த்தும். காயத்திற்குப் பிந்திய முப்பது நாட்களில்தான் கண்காணிப்பு மிகுதியாகத் தேவை. அந்த நாட்களிலேயே தண்டனையாகத் தனியறையும் சந்திப்பு மறுப்பும் விதிக்கப்பட்டால், ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது துணையும் பறிக்கப்படுகிறது.

சட்டத்தின் போக்கும் மாறி வந்துள்ளது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்திற்கு ஆளானவர் என்றே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவில் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அரசு ஊழியர் ஒருவரைத் தம் கடமையைச் செய்யுமாறு கட்டாயப்படுத்தும் அல்லது செய்யவிடாமல் தடுக்கும் நோக்குடன் தற்கொலைக்கு முயல்வதை அதன் 226ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஓராண்டு வரை வெறுங்காவல், அபராதம் அல்லது சமூக சேவை இதற்குத் தண்டனை.

இப்பிரிவு எங்கும் பொருந்தும். எனினும் நாள் முழுவதும் அரசு ஊழியர்களின் ஆணைக்குள் வாழும் சிறைவாசிக்கு இதன் நிழல் மிக அருகில் உள்ளது. வேறு கொட்டடி கேட்டவர், மருத்துவர் வேண்டும் என்றவர், வழக்கறிஞரைப் பார்க்க விரும்பியவர் ஆகியோரின் காயமெல்லாம் ‘கட்டாயப்படுத்தும் நோக்கம்’ எனப் பெயர் பெறுமானால், 115ஆம் பிரிவின் கருணை சிறைவாயிலிலேயே நின்றுவிடும். ஆகவே மனநல மருத்துவரின் சோதனைக்கு முன்னர் நோக்கத்தைப் பற்றிய முடிவுக்கு வராதிருப்பது நிருவாகத்தின் நெறியாக வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும் இதையே கூறுகின்றன. ஒழுங்கு நடவடிக்கைக்கு முன், நடத்தையில் மனநோயின் பங்கு உண்டா என்று ஆராய வேண்டும். சேர்க்கையின்போதே தற்கொலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், போதை நிறுத்தத்தால் வரும் அறிகுறிகள் ஆகியவற்றின் ஆபத்தைக் கண்டறிய வேண்டும் என்பன அவ்விதிகளின் கருத்து.

எண்ணப்படாத காயங்கள்

தேசியக் குற்றப் பதிவேட்டு அலுவலகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நால்வரில் மூவர், விசாரணைக் கைதிகள். நூறு பேருக்கான இடத்தில் சராசரியாக 131 பேர் தங்கியிருந்தனர். அவ்வாண்டில் இயற்கைக்கு மாறானவையெனப் பதிவான 159 மரணங்களுள் 119 தற்கொலைகள்.

மரணம் எண்ணப்படுகிறது. மரணத்தில் முடியாத காயத்துக்கு இத்தகைய தேசியக் கணக்கு வெளியிடப்படுவதில்லை. மலேரியா பரவும் ஊரில் இறந்தவர்களை மட்டும் எண்ணிக் காய்ச்சல் கண்டவர்களை எண்ணாதிருந்தால் சுகாதாரத் துறை நோயை ஒழிக்க இயலுமா? எந்தக் கொட்டடியில், எந்த நேரத்தில், சிறைக்கு வந்த எத்தனையாவது நாளில் காயங்கள் நிகழ்கின்றன என்ற கணக்கு ஒவ்வொரு சிறையிலும் இருந்தால், தடுப்பு நடவடிக்கையை அங்கே குவிக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்ணிக்கை உயர்ந்தால் கண்காணிப்பாளருக்குக் குற்றக் குறிப்பாணை வரும் என்ற அச்சம் நீங்க வேண்டும். அச்சம் இருக்கும் வரை பதிவேட்டில் காயங்கள் குறையும், கொட்டடியில் குறையா.

செய்யத்தக்கவை

முன்னாள் தலைமை நீதிபதி ஆர். சி. லகோட்டி 2013 ஜூன் மாதம் எழுதிய கடிதமொன்றே 1,382 சிறைகளின் நிலை பற்றிய வழக்காக உச்ச நீதிமன்றத்தில் உருவெடுத்தது. அவ்வழக்கில் 2017 செப்டம்பர் 15இல் நீதிபதி மதன் பி. லோக்கூர் வழங்கிய தீர்ப்பு, 2012 முதல் 2015 வரை சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்தோரின் குடும்பத்தினரைக் கண்டறிந்து இழப்பீடு வழங்குவதற்காக உயர் நீதிமன்றங்கள் தாமாகவே வழக்குப் பதிவு செய்யுமாறு பணித்தது. ஆலோசகர்களை, குறிப்பாக முதல் முறை குற்றத்துக்கு ஆளானவர்களுக்காக, நியமிக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

இதனைத் தொடர்ந்து 2023 ஜூன் மாதத்தில் தேசிய மனித உரிமை ஆணையம், சிறைவாசிகள் தம்மைக் காயப்படுத்திக்கொள்வதையும் தற்கொலை முயற்சிகளையும் தணிப்பதற்கென்றே ஓர் அறிவுரைக் குறிப்பை வெளியிட்டது. காலிப் பணியிடங்களை நிரப்புதல், முதல் மருத்துவச் சோதனையிலேயே மனநலத்தையும் ஆராய்தல், காவலர் பயிற்சியில் மனநல அறிவைச் சேர்த்தல், ஆபத்தான பொருள்களைக் கைக்கெட்டாமல் வைத்தல், தேர்ந்தெடுத்த கைதிகளுக்கே பயிற்சி தந்து துன்பத்தில் இருப்போரை அடையாளம் காணச் செய்தல் ஆகியன அதில் இடம்பெற்றுள்ளன.

இறுதியாகக் கூறப்பட்டது செலவு குறைந்தது, பயனும் மிக்கது. வேல்ஸில் சமாரிட்டன்ஸ் அமைப்பு 1991இல் ஸ்வான்சி சிறையில் ‘செவிமடுப்போர்’ திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற கைதிகள் சக கைதிகளின் துயரத்தை இரவிலும் பகலிலும் கேட்பர்; கேட்டதை வெளியிட மாட்டார்கள். இந்தியக் கொட்டடிகளில் இதற்கான மூலப்பொருள் ஏற்கெனவே உண்டு. புதிதாக வந்தவனுக்குத் தன் தட்டிலிருந்து உணவு பகிரும் முதியவர் எந்தச் சிறையிலும் இருப்பார். அவருக்குப் பயிற்சியும் ஏற்பும் அளிப்பதே தேவை. ஆயினும் அவர் மருத்துவருக்கு மாற்றாக மாட்டார், கங்காணியாகவும் மாறிவிடலாகாது.

ஆலோசகர்களைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு 500 சிறைவாசிகளுக்கு ஒருவர் என்ற அளவைக் கூறுகிறது. பெங்களூர் ஆய்வில் இடம்பெற்ற ஐயாயிரம் பேரைக் கொண்டு கணக்கிட்டால் பத்து ஆலோசகர்கள் வேண்டும். தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எனப் பல மொழிகள் வழங்கும் நகரில் அப்பத்துப் பேர் ஒரே மொழியினராக இருத்தலும் போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் சிறை மருத்துவ அலுவலர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநலப் பயிற்சி தரப்பட வேண்டும் என்கிறது; மாநிலந்தோறும் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் அமைய வேண்டும் என்று 103ஆம் பிரிவில் பணிக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசிச் சேவையின் தலைமை மையம் நிம்ஹான்ஸ் நிறுவனமே. 14416 என்ற அதன் எண் வெளியுலகில் எவரும் அழைக்கத்தக்கது. சிறைக்குள் உள்ள தொலைபேசியிலிருந்தும் அதனை அழைக்க வழி செய்தல் பெரும் செலவுள்ள செயலன்று.

இவற்றோடு பிணையும் மனநல நடவடிக்கையே என்பதை உணர வேண்டும். பிணை கிடைத்து ஏழு நாட்களுக்குள் ஒருவர் விடுதலையாகாவிடில் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. பணமில்லாத விசாரணைக் கைதியின் பிணைக்காக ரூ. 40,000 வரை உதவ மத்திய அரசு அதே ஆண்டில் ஒரு திட்டத்தை வகுத்தது. இவ்விரண்டும் உரிய காலத்தில் செயற்பட்டால், முன்னர்க் குறிப்பிட்ட இளைஞன் மூன்றாம் வாரத்தில் சிறையிலேயே இருக்க மாட்டான்.

பதிவேட்டின் முதல் வரி

சிறைத்தண்டனை என்பது சுதந்திரத்தை இழப்பது. உடலின் நலத்தையும் மனத்தின் நலத்தையும் இழக்குமாறு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதுவதில்லை. நால்வரில் மூவருக்கு இன்னும் தீர்ப்பே எழுதப்படவில்லை. அவர்களைப் பாதுகாப்பாக வைத்திருந்து நீதிமன்றத்தில் ஒப்படைப்பதே அரசு ஏற்றுக்கொண்ட பொறுப்பு.

இன்று சட்டம் பயிலும் மாணவர் நாளை நீதிபதியாகலாம். மருத்துவம் பயில்வோர் சிறை மருத்துவராகலாம். பணியில் உள்ள அலுவலர் இன்றிரவே ஒரு கொட்டடியின் பொறுப்பை ஏற்கலாம். காயத்துடன் ஒரு கைதி முன்னே நிறுத்தப்படும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி ‘ஏன் செய்தாய்?’ என்ற அதட்டலாக இருக்கலாம், ‘என்ன நேர்ந்தது?’ என்ற விசாரிப்பாகவும் இருக்கலாம். பதிவேட்டின் முதல் வரியை அக்கேள்வியே எழுதுகிறது. ஓசூர் சாலையின் இரு முனைகளில் உள்ள சிறையும் மருத்துவமனையும் உண்மையில் எவ்வளவு அருகில் உள்ளன என்பதும் அந்த ஒரு வரியைப் பொறுத்தே அமையும்.